கிளிநொச்சியின் வாடகைப் பட்மின்டன் அரங்கு: நண்பர்களின் சிநேகபூர்வ ஆட்டங்களுக்கு எவ்வளவு ஏற்றது?

நண்பர்கள் நால்வரோ எண்மரோ கூடிச் சிநேகபூர்வமாகப் பட்மின்டன் ஆட விரும்பினால், கிளிநொச்சியில் ஏ-9 வீதியை விட்டுச் சற்று உள்ளே, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் இந்தத் தனியார் அரங்குக்கே போகும்படி சொல்வேன். அதன் தரை நன்று, வெளிச்சம் நன்று, நேர ஒழுங்கு மிக நன்று. கூரையின் கீழ் தேங்கும் வெக்கையும், பெண்களுக்குப் போதிய வசதி இல்லாமையும் அதன் குறைகள். பரந்தன், வட்டக்கச்சி, தருமபுரம் ஆகிய இடங்களிலிருந்து வேலை முடிந்து வரும் நண்பர்களோடு கோடையிலும் மாரியிலும் அங்கே ஆடிக் கண்டவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்த ஆட்டத்தைப் பழகியவர்களில் பெரும்பாலோர் திறந்த வெளியில் பழகியவர்கள். பாடசாலை மைதானத்தின் ஓரத்திலோ கோயில் வீதியிலோ இரண்டு கம்பங்களை நட்டு வலையைக் கட்டி, சாம்பலால் கோடு போட்டு ஆடுவோம். ஆனால் வைகாசி பிற்பகுதியில் தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும்போது, ஐந்து கிராம் அளவே நிறையுள்ள ஒரு பந்தை வெளியில் அடித்து ஆடுவதென்பது காற்றோடு மல்லுக்கட்டுவதுதான். ஒரு பக்கத்தில் நிற்பவர் மெல்லத் தட்டினாலும் பந்து எல்லையைத் தாண்டும், மறுபக்கத்தில் நிற்பவர் முழுப் பலத்தோடு அடித்தாலும் வலையைத் தாண்டாது. மாரி பிறந்தால் தரை சேறாகிவிடும். ஆண்டு முழுவதும் தொடர்ந்து ஆட விரும்புவோருக்கு நான்கு சுவர்களும் ஒரு கூரையும் இங்கே ஆடம்பரம் அல்ல.

அரங்கில் இரண்டு ஆடுகளங்கள் இருக்கின்றன. இரண்டும் 13.40 மீற்றர் நீளமும் 6.10 மீற்றர் அகலமும் கொண்ட முறையான இரட்டையர் களங்கள். வலை, கம்பங்களில் 1.55 மீற்றராகவும் நடுவில் அதைவிடச் சற்றுத் தாழ்ந்து 1.524 மீற்றராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே பொறுப்பாக இருக்கும் இளைஞர் அளவு குறித்த ஒரு தடியை வைத்துக்கொண்டு, நாளின் முதல் ஆட்டத்துக்கு முன் வலையின் நடுவை அளந்து பார்த்து, தளர்ந்திருந்தால் கயிற்றை இறுக்குகிறார். நடுவில் வலை தொய்ந்து கிடந்தால் தட்டையாக அடிக்கப்படும் அடிகள் எல்லாமே வெற்றியாகிவிடும். அந்த வகையில் பார்த்தால் அவருடைய தடி பல வீண் வாக்குவாதங்களைத் தொடங்குமுன்பே தீர்த்துவிடுகிறது. இரு களங்களுக்கும் பின்னால் விடப்பட்டிருக்கும் இடமும் தாராளமானது. பின் எல்லைக்கு ஓடிப் பந்தை எடுப்பவர் சுவரில் மோதிவிடுவோமோ என்று அஞ்சத் தேவையில்லை.

தரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் நிறைந்த எங்களைப் போன்ற குழுக்களுக்கு முழங்காலும் குதிக்காலும்தான் முதற் கவலை. வெறும் சீமெந்துத் தரையில் தொடர்ந்து குதித்து இறங்கினால் மறுநாள் மாடிப்படி ஏறும்போது அதன் விலை தெரியும். இந்த அரங்கில் சீமெந்தின் மேல் பச்சை நிறச் செயற்கை விரிப்பு ஒட்டப்பட்டுள்ளது. மரத்தரையின் நெகிழ்வு இதற்கு இல்லை என்றாலும், கால் வழுக்காமலும் அதிகம் பிடித்து இழுக்காமலும் சரியான அளவில் நிற்கிறது. விரிப்பின் துண்டுகள் சேரும் இடங்களைத் தடவிப் பார்த்தேன். ஒரு களத்தில் வலைக்கு அருகே இருக்கும் ஓர் ஒட்டு மட்டும் சற்றுக் கிளம்பத் தொடங்கியிருந்தது. கால் முனை அதில் அகப்பட்டால் விழுவது உறுதி என்பதால் அதை உடனே சரிசெய்ய வேண்டும். வெளியில் போட்டு நடந்த சப்பாத்துடன் உள்ளே வர விடுவதில்லை என்ற விதியைச் சிலர் கெடுபிடி என்கிறார்கள். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. எங்கள் ஊர்ச் செம்மண்ணும் மணலும் அந்த விரிப்பின் மேல் ஒரு வாரம் இருந்தாற் போதும், தரை சறுக்கத் தொடங்கிவிடும்.

சுவர்களுக்குக் கடும் நீலம் பூசியிருக்கிறார்கள். வெள்ளைச் சுவரின் முன்னால் வெள்ளைப் பந்து மறைந்து போகும் என்பதை, கட்டியவர் ஆட்டம் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்திருக்க வேண்டும். விளக்குகளையும் களத்தின் நேர் மேலே தொங்கவிடாமல் இரு பக்கங்களிலும் நீளவாக்கில் பொருத்தியிருக்கிறார்கள். உயர்ந்து வரும் பந்தை அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசாமல் இருப்பதற்கு இதுவே காரணம். கூரையின் உயரம் உலகத் தரப் போட்டிகளுக்குப் போதாது. அவற்றுக்கு 12 மீற்றர் வரை எதிர்பார்ப்பார்கள். எங்கள் ஆட்டத்தில் மிக உயர்த்தி அடிக்கும் ஒருவருடைய பந்து மட்டும் அவ்வப்போது கூரைச் சட்டத்தில் படுகிறது. அப்படிப் பட்டால் அந்தப் புள்ளியை மீண்டும் ஆடுவதென்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

பந்தின் தேர்வில்தான் இந்த அரங்கின் உண்மையான சிறப்பைக் கண்டேன். இறகுப் பந்து ஒன்றில் 16 இறகுகள் இருக்கும், நிறை 4.74 கிராமுக்கும் 5.50 கிராமுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். பந்துகள் அடுக்கி விற்கப்படும் குழலின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 75, 76, 77 போன்ற எண்கள் வேகத்தைக் குறிக்கின்றன. எண் கூடக் கூடப் பந்து தூரம் போகும், ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் வேறுபாடு இருக்கும். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது, பந்தைத் தடுத்து நிறுத்தும் வலு அதற்குக் குறைவு. ஆகவே வன்னியின் ஆடி வெயிலில் 77ஆம் எண் பந்தை எடுத்தால், நன்றாக அடிக்கப்பட்ட அடிகள்கூடப் பின் எல்லைக்கு வெளியே போய் விழும். இங்கே கோடையில் 75, 76 ஆகியவற்றையும் மாரியில் 77ஐயும் வைத்திருக்கிறார்கள். குழலாக வாங்க வசதியில்லாதவருக்கு ஒற்றைப் பந்தாகவும் விற்கிறார்கள்.

அதிலும் எனக்குப் பிடித்தது, பின் எல்லைக் கோட்டுக்கு உள்ளே தரையில் ஒட்டப்பட்டிருக்கும் இரண்டு மெல்லிய மஞ்சள் பட்டிகள். ஒரு முனையின் பின் கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், சரியான வேகமுள்ள பந்து மறுமுனைக் கோட்டுக்கு 530 மில்லிமீற்றர் முதல் 990 மில்லிமீற்றர் வரை முன்னால் விழ வேண்டும் என்பது விதிநூலில் உள்ள சோதனை. அந்த இரு எல்லைகளையே பட்டிகள் காட்டுகின்றன. பந்து அவற்றுக்கிடையே விழுந்தால் ஆடலாம், இல்லையேல் வேறு எண். வாங்கும் முன்பே சோதித்துப் பார்க்க விடும் கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வரண்ட காற்றில் இறகுகள் முறிவது தனிச் சிக்கல். சோளகக் காலத்தில் ஓர் ஆட்டம் முடியுமுன் ஒரு பந்து உருக்குலைந்து போவது வழக்கம். இதற்கு அந்த இளைஞர் சொன்ன வழி பயனுள்ளது. முதல் நாள் இரவே குழலின் இரு மூடிகளையும் திறந்து, கொதிக்கும் கேத்திலின் ஆவியில் சில நொடிகள் மட்டும் பிடித்து, மூடி நிமிர்த்தி வைத்தால் இறகு மென்மையடைந்து நின்று பிடிக்கிறது. அதிக நேரம் பிடித்தால் பந்து கனத்துவிடும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் நைலோன் பந்தை எடுக்கலாம், அதில் பச்சைப் பட்டி மெதுவான வேகம், நீலம் நடுத்தரம், சிவப்பு விரைவு. ஆனால் வலையருகே மெல்ல இறக்கும் அடிகளின் சுவை நைலோனில் வராது.

சிநேகபூர்வ ஆட்டத்தின் உயிர், திறமை வேறுபட்டவர்கள் ஒரே களத்தில் நின்று இருவருக்கும் சலிப்பின்றி ஆடுவதில் இருக்கிறது. கோல்ஃப் ஆடுவோர் ஆளுக்கு ஆள் சலுகை அடிகள் கணக்கிட்டு இதைத் தீர்க்கிறார்கள். நாங்கள், வலுவான சோடிக்கு எதிராக ஆடுவோருக்கு 21 புள்ளியில் நான்கோ ஐந்தோ முன்கூட்டியே கொடுத்துத் தொடங்குகிறோம். பல்கலைக்கழக அணியில் ஆடிய ஆசிரியர் ஒருவரும் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவரும் எதிரெதிரே நின்று கடைசிப் புள்ளி வரை போராடுவதைப் பார்க்க இந்த ஏற்பாடே வழிசெய்தது. அரங்கின் வாசலருகே ஆணிகள் அடித்த ஒரு பலகை இருக்கிறது. வந்தவர்கள் தம் பெயர் எழுதிய அட்டையை வரிசையாக மாட்டிவிட்டால், முதல் நான்கு அட்டைகள் அடுத்த ஆட்டம். வென்றவர் தொடர்ந்து நிற்கும் வழக்கத்தை விட இது எவ்வளவோ மேல், ஏனெனில் அந்த வழக்கத்தில் பழகவந்தவர்தான் அதிக நேரம் வாங்கில் இருக்க நேர்கிறது.

மாரியில் நிலைமை வேறு. தகரக் கூரையில் மழை கொட்டும்போது எதிரே நிற்பவர் புள்ளி சொல்வது காதில் விழாது, விரலால் காட்டியே ஆட வேண்டும். முதல் மழைக்குப் பின் ஈசல் விளக்குகளை மொய்த்து, சிறகுகள் தரையெங்கும் உதிர்ந்து வழுக்கும். அப்படியான மாலைகளில் கதவை முன்னரே சாத்தி, ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டிவிடுகிறார்கள். மின்சாரம் நின்றால் ஜெனரேற்றர் இருக்கிறது, ஆனால் அது விளக்குகளுக்கு மட்டுமே, மின்விசிறிகளுக்கு இல்லை.

பதிவு செய்வது வட்ஸ்அப் வழியாக நடக்கிறது. வாடகையை நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு சோற்றுப் பார்சலின் விலையைவிடக் குறைவாகவே வருகிறது. வேறோர் ஊரில், முற்பணம் கட்டிவிட்டுப் போன பின் அதே மணிநேரம் இன்னொரு குழுவுக்கும் கொடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு திரும்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. இங்கே அப்படி ஒருபோதும் நடக்கவில்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது "அண்ணை, இந்தக் கேமோட நிப்பாட்டுவம்" என்று அந்த இளைஞர் வந்து மரியாதையாகச் சொல்வார், அடுத்த குழு வாசலில் நின்றாலும் நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை முடிக்க விடுவார். சனி, ஞாயிறு மாலைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். வேலைநாட்களில் காலை ஆறு மணிக்கு வருவோருக்கு இடமும் உண்டு, வெக்கையும் இல்லை.

வெக்கையைப் பற்றி உரிமையாளர் சிந்தித்தே ஆக வேண்டும். பகல் முழுவதும் காய்ந்த தகரம் மாலை ஏழு மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. மின்விசிறியைப் போட்டால் பந்து விலகுவதால் ஆட்டத்தின்போது அதை நிறுத்திவிட வேண்டும். கூரையின் உச்சியில் சூட்டை வெளியேற்றும் காற்றுப்போக்கிகளை அமைத்தால் பந்தும் அசையாது, ஆடுவோரும் களைக்கமாட்டார்கள். இளம் வயதினர் இருவர், மூன்று ஆட்டத்துக்குப் பின் தலைசுற்றி உட்கார்ந்ததை நானே பார்த்தேன். ஆகவே பங்குனி முதல் புரட்டாதி வரை மாலையில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீராவது கொண்டு போக வேண்டும்.

பெண்கள் குழுவொன்று ஞாயிறு மதியத்துக்குப் பின் ஒழுங்காக வந்து ஆடுகிறது. அவர்களுள் ஆசிரியைகளும் தாதியரும் இருக்கிறார்கள், ஆட்டமும் தரமானது. ஆனால் அவர்களுக்கென்று உடைமாற்றும் அறை இல்லை, இருக்கும் ஒரே மலசலகூடத்தின் கதவுத் தாழ்ப்பாள் சரியாகப் பூட்டுவதில்லை. தரைக்கும் விளக்குக்கும் இவ்வளவு கவனம் செலுத்திய ஒருவர், ஒரு தாழ்ப்பாளையும் ஒரு சிறு அறையையும் அடுத்த சோளகத்துக்கு முன் செய்து முடிக்க வேண்டும் என்று உரிமையுடன் கேட்டுக்கொள்கிறேன்.