பல வருடம் நின்ற பைக் எஞ்சின்: உதைப்பதா, ஊற வைப்பதா?

பல வருடம் மூலையில் நின்ற பைக்கை வெளியே தள்ளித் தூசி தட்டியதும் கால் தானாகக் கிக்கருக்குத்தான் போகும். கொஞ்சம் புது பெட்ரோல் ஊற்றி, சோக்கை இழுத்து, நாலு மிதி மிதித்துப் பார்க்கலாமே என்று இருக்கும். தயவுசெய்து வேண்டாம். ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை, ஆகிவிட்டால்தான் பயம். வண்டி நின்ற காலத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் கீழே வடிந்திருக்கும். வால்வு ஏதாவது திறந்த நிலையில் நின்றிருந்தால் அது வழியாக ஈரக்காற்று போய் சிலிண்டரின் இரும்பு உள்ளுறையான லைனரில் துருவும் ஏற்றியிருக்கும். அந்தத் துருவின் மேல் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கினால் சிலிண்டரின் உள்சுவரில் கோடு விழாமல் என்ன செய்யும்?

நான் இதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு வருடம் நின்ற ஒரு நூறு சிசி வண்டியை இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்தேன், உடனே பிடித்துக்கொண்டது, அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு மாதத்தில் நீலப் புகை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் நகம் தட்டும் அளவுக்குக் கோடுகள். சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கும் ரீபோர் செய்ய வேண்டியதாயிற்று.

ஆக, முதல் கேள்வி ஸ்டார்ட் செய்வது பற்றியதே இல்லை. எஞ்சின் சுற்றுகிறதா, அதை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்பதுதான். எந்த வழியானாலும் பிளக்கை முதலில் கழற்றிவிட வேண்டும், அப்போதுதான் கம்ப்ரஷன் எதிர்க்காது. கிக்கர் எல்லோருக்கும் பழகியது, ஆனால் அது ஒரு பக்கம் மட்டுமே சுற்றும், உடம்பு எடை முழுவதும் சின்ன கியர் பற்களில் இறங்கும். பிஸ்டன் ஒட்டியிருந்தால் கிக் ஷாஃப்ட்தான் போகும். தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம், ஏனென்றால் வண்டியின் வேகம் மொத்தமும் ஒரே நொடியில் எஞ்சினுக்குள் போகிறது, நிறுத்திப் பார்க்க நேரமே கிடைக்காது. மேக்னட் பக்கம் மூடியைக் கழற்றி பிஸ்டனோடு சுழலும் கிராங்க் தண்டின் நட்டில் ஸ்பானர் போட்டுத் திருப்பலாம், நல்ல வழிதான், ஆனால் நட்டை இறுக்கும் திசையில் மட்டுமே திருப்ப முடியும், மறுபக்கம் போனால் நட்டு லூசாகிவிடும்.

என் ஓட்டு பின்சக்கரத்துக்கு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். டாப் கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் குறைவான சுற்றுதான் சுற்றும், அதனால் கை பலம் அதிகமாகப் போய்ச் சேரும். முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொடுக்கவும் முடியும். ஒட்டின ரிங் விடுவதற்கு இந்த ஆட்டம்தான் மருந்து. உள்ளே எங்கே உரசுகிறது, எங்கே இறுகுகிறது என்பதெல்லாம் உள்ளங்கையிலேயே தெரியும், காலால் மிதிக்கும்போது இது ஒன்றும் தெரியாது.

அப்புறம் எதை ஊற்றுவது? இதில்தான் ஆளுக்கொரு கட்சி. தாராளமாகச் சுற்றுகிற எஞ்சினுக்குச் சாதாரண எஞ்சின் ஆயில் போதும், பிளக் ஓட்டை வழியாக ஐந்து முதல் பத்து மில்லி, ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் சக்கரத்தைச் சுற்ற வேண்டியதுதான். சுற்றாமல் இறுகி நிற்கிற எஞ்சினில் அதே ஆயில் பிஸ்டன் தலையில் குளம் கட்டி நிற்கும், ரிங் பக்கம் இறங்க அதற்கு மெல்லிய உடம்பு இல்லை. அதற்குத் துரு விடுவிக்கும் ஸ்ப்ரே வேகமாக இறங்கும், ஆனால் படலமாக நிற்காது, எனவே பின்னாலேயே எஞ்சின் ஆயிலும் விட வேண்டும். டீசல் மெதுவானது, ஆனாலும் நாள் கொடுத்தால் வேலை செய்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஏடிஎஃப் திரவமும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவார்கள், இறங்கும் திறமையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அசிட்டோன் பெயின்ட்டையும் ரப்பர் சீலையும் தின்னும், சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே மற்றதெல்லாம் கைவிட்ட பிறகுதான் அதைத் தொடுவேன். ஒரு விஷயம் கவனிக்கணும்: சிலிண்டர் படுத்திருக்கிற வண்டிகளில் என்ன ஊற்றினாலும் அது கீழ்ப்பக்கம் மட்டுமே தேங்கும், மேல்பக்க ரிங் காய்ந்தே கிடக்கும். முடிந்தால் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி வையுங்கள்.

ஊற வைப்பதற்கு ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் கொடுங்கள், தினமும் சக்கரத்தை ஒரு தடவை ஆட்டுங்கள். அதிலும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுவதுதான் அடுத்த வழி, நீளமான குழாயை மாட்டி நெம்புவது இல்லை. ஊற்றியதெல்லாம் கடைசியில் ரிங் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்திருக்கும் என்பதால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயிலை மாற்றியே ஆகணும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் மிதவை ஊசி கசிந்து டேங்க்கில் இருந்தது உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்னொரு கவலை உண்டு. கிராங்க் சீல் காய்ந்து கெட்டியாகியிருந்தால் அது வழியாகக் காற்று இழுத்து, பெட்ரோல் போதாமல் ஓடி பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் தானாக ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்திவிட்டு சீலைப் பாருங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பழையதோடு புதியதைக் கலப்பது வேலைக்கு ஆகாது. சுலபமாகப் பற்றுகிற லேசான பகுதி ஆவியாகிப் போய், மீதி வார்னிஷ் மாதிரி நாறும் பிசினாகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தை உறிஞ்சி, ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், டேப்பைத் திறந்தால் முதலில் வருவதே அதுதான். எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். டேங்க்கைக் கழுவித் துரு எடுப்பது தனி வேலை, அதுவரை காத்திருக்க முடியாது என்றால் ஒரு சின்ன பாட்டிலில் ட்யூப் செருகி உயரத்தில் மாட்டி அதிலிருந்து கார்புரேட்டருக்கு விடலாம். எஞ்சினை டேங்க்கின் அழுக்கிலிருந்து பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

கார்புரேட்டருக்கு வெளியிலிருந்து ஸ்ப்ரே அடிப்பதா, கழற்றிச் சுத்தம் செய்வதா என்றால், கழற்றுங்கள். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, காய்ந்த பிசின் அதை முழுசாக அடைத்துவிடும், வெளியே அடிக்கிற ஸ்ப்ரே அங்கே எட்டாது. சோக்கில் மட்டும் ஓடி, சோக்கை விட்டதும் அணைகிறதா? குற்றவாளி பெரும்பாலும் அந்த ஜெட்தான். இரும்புக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளையில் ஓட்டை பெரிதாகிவிடும். மெல்லிய செம்பு இழை அல்லது மீன்பிடி நரம்பு போதும். கையோடு ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சர் வாயையும் பாருங்கள், எலி கூடு கட்டியிருக்கும்.

கரன்ட் வருகிறதா என்று பார்க்கப் பிளக்கை எஞ்சின் உலோகத்தில் தொட வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடித்துச் சுற்றுங்கள். பக்கத்தில் வைத்தால் உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். தொடாமல் அந்தரத்தில் விட்டாலோ பிளக்குக்குக் கரன்ட் அனுப்பும் சிடிஐ பெட்டி போய்விடலாம். பேட்டரி சார்ஜ் ஏறின பிறகும் 10.5 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் ஒரு செல் செத்திருக்கும், மாற்றிவிடுங்கள். காரிலிருந்து கரன்ட் எடுக்கலாம், ஆனால் கார் எஞ்சின் அணைந்தே இருக்கட்டும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி பெரும்பாலானவற்றில் நல்ல பேட்டரி இல்லாமல் எந்த வித்தையும் பலிக்காது, பம்ப்பே ஓடாது, தள்ளியும் பயனில்லை. சாவி போட்டதும் டேங்க்குக்குள் பம்ப் சில நொடி முனகும் சத்தம் கேட்கவில்லை என்றால் முதலில் பம்ப்பைத்தான் பார்க்கணும்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயா, பிளக் ஓட்டையில் நாலு சொட்டு பெட்ரோலா? சொட்டு பெட்ரோல்தான். ஈதர் ஸ்ப்ரே பாடுபட்டு ஏற்றிய ஆயில் படலத்தைக் கழுவிவிடும், டூ ஸ்ட்ரோக்குக்கு இன்னும் ஆபத்து. சொட்டு பெட்ரோலில் ஒரு நொடி பிடித்து அணைந்தால் கரன்ட் சரி, கார்புரேட்டரில்தான் கோளாறு என்று தெரிந்துவிடும்.

பிளக்கை மாட்டுவதற்கு முன் முப்பது நாற்பது முறை மெதுவாகச் சுற்றி, ஊற்றிய ஆயிலை வெளியே துப்ப வையுங்கள், ஆயில் மேலேயும் ஏறட்டும். பிடித்துக்கொண்டதும் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் வெள்ளைப் புகை வரும், ஊற்றியது எரிகிற புகை அது, தானாக அடங்கும். பிறகு அணைத்து, சூடு இருக்கும்போதே ஆயிலை மறுபடி வடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள், உலோகம் தேய்ந்த வெள்ளித் தூள் மின்னுகிறதா என்று.