ஒமேகா டைமிங் தளம்: ஷார்ட் கோர்ஸ் நீச்சலுக்கு வீடியோவை விட இந்த முடிவுத் தாள் மேல்

ஷார்ட் கோர்ஸ், அதாவது 25 மீட்டர் குளத்தில் நடக்கும் பெரிய போட்டிகளைத் தொடர ஒரே ஒரு இடம் போதும் என்றால், நாங்கள் கைகாட்டுவது ஒமேகா டைமிங் தளத்தை. காசு கிடையாது. உலக சாம்பியன்ஷிப்பிலும் உலகக் கோப்பையிலும் நேரம் எடுப்பவர்களே முடிவையும் போடுவதால் இடையில் யாரும் தட்டச்சு செய்து தப்பு விட வழியில்லை. பார்க்க அழகான தளம் அல்ல. அழகுக்காக யாரும் அங்கே போவதும் இல்லை.

வீடியோவை ஏன் இரண்டாம் இடத்தில் வைக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுவோம். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தவிர மற்ற மூன்று முறைகளிலும், தொடக்கத்துக்குப் பிறகும் சுவரில் திரும்பும் ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கு அடியிலேயே போகலாம். 25 மீட்டரில் 15 போனால் மேலே தெரிவது பத்தே மீட்டர். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு ஒரு டர்ன், இங்கே மூன்று. 1500 மீட்டரில் 59. பந்தயம் முடிவாகும் இடம் சுவரும் அதற்கு அடுத்த சில மீட்டர்களும்தான். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அங்கே கிடைப்பது நுரை மட்டும்.

2024 நவம்பர் 1 அன்று சிங்கப்பூர் உலகக் கோப்பையில் லியோன் மர்ஷான் நான்கு முறைகளையும் அடுத்தடுத்து நீந்தும் 200 மீட்டர் மெட்லியில் 1:48.88 நீந்தினார். பழைய சாதனை 2012-இல் இஸ்தான்புல்லில் ரையன் லாக்டி வைத்த 1:49.63. வித்தியாசம் 0.75 நொடி. 200 மீட்டரில் ஏழு டர்ன். ஒரு டர்னுக்கு பத்தில் ஒரு நொடி மிச்சம் பிடித்தால் இந்த இடைவெளி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். பத்தில் ஒரு நொடி கண்ணுக்குத் தெரியாது, தாளில் தெரியும்.

தளத்தில் இரண்டு வகையாக முடிவு கிடைக்கும். ஒன்று, பந்தயம் ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கும் நேரலைப் பக்கம். இன்னொன்று, அது உறுதியான பிறகு வரும் பிடிஎஃப். நேரலையை நம்பி உடனே யாருக்கும் வாழ்த்து அனுப்பிவிடாதீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் டச்பேட் அலைக்கு அசையாது, கையின் அழுத்தத்துக்குத்தான் கணக்கு எழுதும். விரல் நுனி லேசாகப் பட்டாலோ, பேடின் மேல் விளிம்புக்கு வெளியே கை போனாலோ, அந்த லேனுக்கு நேரம் வராது, அல்லது தாமதமாக வரும். பிறகு அதிகாரிகள் கையில் அழுத்திய பொத்தானின் நேரத்தையும் அதிவேகக் கேமராப் படத்தையும் பார்த்துச் சரிசெய்வார்கள். தகுதியிழப்பும் பெரும்பாலும் சில நிமிடம் கழித்துத்தான் வரும். பிடிஎஃப் வந்த பிறகு பேசுவதே மரியாதை.

பிடிஎஃப்-இன் தலையில் அந்தப் பந்தயத்தின் உலக சாதனை, போட்டிச் சாதனை, அவற்றை வைத்தவர், இடம், தேதி எல்லாம் இருக்கும். கீழே வரிசை, லேன், பெயர், நாட்டுக் குறியீடு, ஆர்.டி. (ரியாக்ஷன் டைம், தொடக்க ஒலிக்குக் கிளம்ப எடுத்த நேரம்), இறுதி நேரம், முதலாமவரிடமிருந்து எவ்வளவு பின்தங்கினார் என்ற கணக்கு. கைபேசியில் திறந்தால் எழுத்து எறும்பு போல இருக்கும். பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால்தான் ஸ்ப்ளிட் (இடைநேர) வரிசைகள் படிக்க வரும்.

முதலில் படிக்க வேண்டியது ஸ்ப்ளிட். ஒவ்வொரு 50-க்கும் அதுவரையிலான மொத்த நேரம், அந்தச் சுற்றுக்கு மட்டுமான நேரம், அடைப்புக்குறிக்குள் அந்த இடத்தில் அவர் எத்தனையாவதாக இருந்தார் என்பது, இப்படி மூன்று தகவல். அடைப்புக்குறி எண்ணை மட்டும் கீழ்நோக்கி வாசித்துக்கொண்டே போனாலே பந்தயத்தின் கதை கிடைத்துவிடும்: 1, 1, 3, 5 என்று போனால் ஆள் தீர்ந்துபோய்விட்டார் என்று அர்த்தம்.

ஆனால் சுற்று நேரங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடும்போது பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃப்ரீஸ்டைலில் டர்னின்போது பேடில் படுவது கால். முடிவில் படுவது கை. ஆகவே இடைச் சுற்றுகள் காலிலிருந்து கால் வரை, கடைசிச் சுற்று காலிலிருந்து கை வரை. கடைசிச் சுற்றில் குட்டிக்கரணம் போட்டுக் காலைச் சுவரில் வைக்கும் வேலை இல்லை. அதனால் அந்த எண் கொஞ்சம் சிறியதாகத் தெரியும். அதைப் பார்த்து "கடைசியில் சீறிப் பாய்ந்தார்" என்று எழுதுபவர்கள் ஏராளம். அவரையே அதே சுற்றில் பக்கத்து லேன்காரரோடு ஒப்பிடுங்கள், அதுதான் நியாயமான அளவு. பட்டர்ஃப்ளையிலும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் நிலைமை வேறு: இரு கையும் பட்டதும் சுற்று முடிந்துவிடும், உடலைத் திருப்பி உதைத்துக் கிளம்பும் நேரம் அடுத்த சுற்றின் கணக்கில் விழும். முதல் சுற்று எப்போதும் வேகமாக இருப்பதற்கு டைவ் மட்டும் காரணம் அல்ல, இதுவும் சேர்த்துத்தான்.

100 மீட்டர் மெட்லி ஷார்ட் கோர்ஸுக்கே உரிய பந்தயம், 50 மீட்டர் குளத்தில் கிடையாது. தாளில் 50-க்கு ஒரு ஸ்ப்ளிட் மட்டும் இருந்தால் பட்டர்ஃப்ளையும் பேக்ஸ்ட்ரோக்கும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். எதில் நேரம் போனது என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு பந்தயத்துக்கு வீடியோவைத் தேடிப் போவதுதான் வழி.

ஆர்.டி. என்பதை அனிச்சைச் செயல் வேகம் என்று நினைக்க வேண்டாம். ஒலி வந்ததிலிருந்து கால் பிளாக்கை (தொடக்க மேடையை) விட்டு முழுதாக விலகும் வரையான நேரம் அது. 0.60-க்கும் 0.70-க்கும் நடுவில் இருந்தால் சாதாரணம். பேக்ஸ்ட்ரோக்கில் தண்ணீருக்குள் இருந்தே கிளம்புவதால் இன்னும் குறையும். ஓங்கி உதைத்து நீளமாகப் பாய்பவருக்கு ஆர்.டி. கொஞ்சம் கூடினாலும் 15 மீட்டரில் அவரே முன்னால் இருக்கலாம். ரிலேயில் இதே கட்டத்தில் 0.15, 0.04 என்று வருவது முந்தையவர் தொட்டதற்கும் அடுத்தவர் கால் விலகியதற்கும் இடையே உள்ள நேரம். கருவி காட்டும் எண் மைனஸ் 0.03 வரை தாங்கும். அதைத் தாண்டினால் அணிக்கே தகுதியிழப்பு. முதல் ஆளைத் தவிர மற்ற மூவருக்கும் ஓட்டத்தோடு பாயும் வசதி இருப்பதால் அவர்களின் நேரம் தனிநபர்ப் பட்டியலில் சேராது. முதலில் நீந்துபவரின் நேரம் சேரும், ஆண் பெண் கலப்பு ரிலேயைத் தவிர.

இரண்டு பேர் நூறில் ஒரு பங்கு வரை சமமாக வந்தால் சமம்தான்; ஆயிரத்தில் ஒரு பங்கு பார்ப்பதில்லை. ஒரு நொடிக்கு இரண்டு மீட்டர் போகிறவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது இரண்டு மில்லிமீட்டர், எட்டு லேன்களையும் அந்த அளவுக்குச் சமமாகக் கட்ட எந்தக் கொத்தனாராலும் முடியாது.

அடுத்து, புள்ளிகள். உலகக் கோப்பையில் வெற்றியாளரைத் தீர்மானிப்பதில் இடத்தோடு இவையும் சேரும் என்பதால் இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தத் தொடரைத் தொடர முடியாது. சூத்திரம் எளிது: அடிப்படை நேரத்தை நீந்திய நேரத்தால் வகுத்து, அதன் முப்படியை எடுத்து (அதையே மூன்று முறை எழுதிப் பெருக்கி), ஆயிரத்தால் பெருக்க வேண்டும். தசமத்தை வெட்டிவிட வேண்டும். அடிப்படையை விட ஒரு சதவீதம் மெதுவாக நீந்தினால் 970, இரண்டு சதவீதம் என்றால் 942, ஐந்து சதவீதம் என்றால் 863.

சிக்கல் அடிப்படை நேரத்தில்தான் இருக்கிறது. ஷார்ட் கோர்ஸுக்கு அது ஆகஸ்ட் 31 வரையிலான உலக சாதனைகளை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை மாறும். 2024 டிசம்பரில் புடாபெஸ்டின் டூனா அரீனாவில் கேமன் தீவுகளின் ஜோர்டன் குரூக்ஸ் அரையிறுதியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 19.90-இல் முடித்தார், 20 நொடிக்குக் கீழே போன முதல் ஆள். அப்போதைய அடிப்படை 2020-இல் கேலப் டிரெஸ்ஸல் வைத்த 20.16. ஆக அந்த 19.90-க்கு 1039. இறுதியில் அவர் தங்கம் வென்ற 20.19-க்கு 995. அடுத்த பட்டியலில் 19.90 அடிப்படையாகிவிட்டால் அதே 20.19 வெறும் 957. ஆள் மெதுவாகிவிடவில்லை, அளவுகோல் நகர்ந்துவிட்டது. இரண்டு பருவங்களின் புள்ளிகளை அருகருகே வைத்து யாராவது வாதாடினால் எந்தப் பட்டியல் என்று முதலில் கேளுங்கள்.

இனி இந்தத் தளத்தில் கிடைக்காதவை. ஒருவரின் பழைய சிறந்த நேரம் எது, போன ஆண்டு இதே நாளில் எவ்வளவு நீந்தினார் என்பதெல்லாம் முடிவுத் தாளில் இருக்காது. அதற்கு உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸின் தளத்தில் வீரரின் பக்கத்துக்குப் போய், குள நீளத்தை 25 மீட்டர் என்று வடிகட்ட வேண்டும். வடிகட்ட மறந்தால் 50 மீட்டர் குளத்து நேரங்களும் கலந்து நிற்கும். ஐரோப்பியர்களின் உள்ளூர்ப் போட்டி வரை தோண்ட ஸ்விம்ராங்கிங்ஸ் தளம் இன்னும் ஆழமானது. ஒமேகா நேரம் எடுக்காத போட்டிகளை ஒமேகா தளத்தில் தேடிப் பயனில்லை. ஐரோப்பிய ஷார்ட் கோர்ஸ் சாம்பியன்ஷிப் போன்றவற்றுக்கு அந்தப் போட்டியின் சொந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

தேடும்போது கெஜக் கணக்கிலும் ஜாக்கிரதை. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் 25 கெஜக் குளத்தில் நடக்கின்றன, அது 22.86 மீட்டர்தான். 50 ஃப்ரீஸ்டைலுக்கு டிரெஸ்ஸல் 2018-இல் நீந்திய 17.63 அந்தக் குளத்து நேரம். அதை மீட்டர் நேரத்தோடு ஒட்டிப் பகிரும் பட்டியல்கள் வலைத்தளங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பயன்படுத்தும் விதத்துக்கு ஒரே ஒரு யோசனை. முந்தைய இரவே ஸ்டார்ட் லிஸ்டை (யார் எந்த ஹீட்டில், அதாவது எந்தத் தகுதிச் சுற்றில் என்ற பட்டியலை) திறந்து வையுங்கள். 200 மீட்டர் வரை கடைசி மூன்று ஹீட்களில்தான் முன்னணி ஆட்களைப் பிரித்துப் போடுவார்கள், 400-உம் அதற்கு மேலும் என்றால் கடைசி இரண்டு. அதற்கு முந்தைய ஹீட்களின்போது காபி போட்டுக்கொள்ளலாம். 25 மீட்டர் உலக சாம்பியன்ஷிப்பில் 800-க்கும் 1500-க்கும் தனி இறுதிப் பந்தயம் இல்லை. மெதுவான ஹீட்கள் காலையில், வேகமான ஒன்று மட்டும் மாலையில். காலையில் நீந்தியவருக்கும் பதக்கம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்பதால் காலைத் தாளை எறிந்துவிடாதீர்கள்.

தாளில் இருப்பது உள்ளூர்த் தேதி. 2025 அக்டோபரில் உலகக் கோப்பை கார்மெல், வெஸ்ட்மான்ட், டொராண்டோ என்று மூன்று வட அமெரிக்க ஊர்களில் நடந்தது. கேட் டக்ளஸ் 100 ஃப்ரீஸ்டைலை 49.93-இல் முடித்து 50 நொடிக்குக் கீழே போன முதல் பெண்ணானது அந்த டொராண்டோவில்தான். டொராண்டோவின் மாலை 6 மணி நமக்கு மறுநாள் விடிகாலை 3.30. அந்த நேரத்துக்கு வீடியோவுக்காகக் கண்விழிப்பதை விட, ஐந்து மணிக்கு எழுந்து பிடிஎஃப் பார்ப்பது உடம்புக்கு நல்லது. ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு மாறுவதால் விழித்திருந்தாலும் படம் வரும் என்று உறுதி இல்லை.

2026 டிசம்பரில் 25 மீட்டர் உலக சாம்பியன்ஷிப் பெய்ஜிங்கில். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே இரவு 7 மணி என்றால் இங்கே மாலை 4.30. சிங்கப்பூர், கோலாலம்பூரில் இருப்பவர்கள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். அலுவலகத்தில் பிரவுசரின் ஒரு டேபில் தாளைத் திறந்து வைத்துக்கொள்ள இதை விடத் தோதான நேரம் கிடைக்காது.