டியூப்பில் கரு: எனக்கு ஊசி போட்டுப் பார்த்த ஆஸ்பத்திரி

நாள் தள்ளிப்போய் ஒன்பதாவது நாள் லேசாக உதிரம் பட்டது. வலது அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று வலி. திருமங்கலத்தில் முதலில் காட்டிய கிளினிக்கில் ஸ்கேன் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பையில ஒண்ணும் தெரியல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று போலிக் ஆசிட் எழுதி அனுப்பிவிட்டார்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே டியூப்பில், அதாவது கருக்குழாயில், இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மறுநாளே மதுரையில் ஒரு தனியார் மகளிர் மருத்துவமனைக்குப் போனோம். குறையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. அங்கே பீட்டா எச்.சி.ஜி. என்கிற கர்ப்ப ஹார்மோன் அளவை ரத்தத்தில் எடுத்தார்கள்: 780. சரியாக 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால் 960. "இந்த அளவுல நல்ல கர்ப்பமா இருந்தா ரெண்டு நாள்ல பாதியாவது கூடியிருக்கணும்மா, உங்களுக்குக் கால்வாசிகூட ஏறல" என்றார் டாக்டர். உள்வழி ஸ்கேனில் வலது சூலகத்துக்குப் பக்கத்தில் 1.8 செ.மீ. கட்டி. துடிப்பு இல்லை, வயிற்றுக்குள் ரத்தக்கசிவும் இல்லை. அதனால் ஆபரேஷன் இல்லாமல் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியில் கரைக்கலாம் என்றார்.

உடனே போட்டுவிடவில்லை. ரத்த அணுக்கள், கல்லீரல், கிட்னி, ரத்த வகை எல்லாம் பார்த்தார்கள். அப்புறம் டாக்டர் கேட்ட கேள்விதான் எனக்கு மறக்காது: "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா உங்களை யார் கூட்டிட்டு வருவா?" வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். கொழுந்தனாரிடம் கார் இருக்கிறது என்று சொல்லி, அவரிடம் போனில் பேசவைத்த பிறகுதான் சம்மதித்தார்.

சிஸ்டர் என் உயரம், எடை இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டார். 75 மி.கி. இரண்டு பக்க இடுப்பிலும் பிரித்துப் போட்டார். பைலின் அட்டையில் சிவப்புப் பேனாவால் 'போலிக் ஆசிட் கூடாது, புரூபன் (வலி மாத்திரை) கூடாது' என்று எழுதி அடிக்கோடு போட்டார். முருங்கைக்கீரைகூட இப்போது வேண்டாம், வெயிலில் அலையாதீர்கள் என்றார். ஊசி போட்ட 4ஆம் நாள் எச்.சி.ஜி. எண் ஏறினாலும் பயப்படாதீர்கள், 4க்கும் 7க்கும் நடுவில் 15 சதவீதமாவது இறங்கணும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். 1,180 என்று வந்தபோது அந்தப் பேச்சுதான் என்னைத் தாங்கியது. 7ஆம் நாள் 790.

இடையில் ஐந்தாம் நாள் இரவு வலி பிடுங்கியது. டூட்டி டாக்டர் போனை எடுத்ததும் "தோள்பட்டை வலிக்குதா? தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனாலும் வரச் சொல்லி, ஒன்றரை மணிக்கு ஸ்கேன் பார்த்து, விடியும்வரை படுக்கவைத்துக் கவனித்தார்கள். டியூப் வெடிக்கவில்லை.

வாராவாரம் ரத்தம் கொடுத்து ஆறாவது வாரம் எண் 5க்குக் கீழே வந்தது. இன்னும் மூன்று மாதம் கரு தங்கவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. ரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் இடமும் மாதாந்திர செக்கப் கூடமும் ஒன்றுதான். 7ஆம் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முந்தின நாள்தான் வளைகாப்பு. அவர் கை அசையும்போதெல்லாம் கண்ணாடி வளையல் சத்தம். பாவம், அவர் என்ன செய்வார். என்னைப் போல வருபவர்களுக்கு லேப் ஓரமாகத் தனியாக நான்கு நாற்காலி போடுங்கள் என்று கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டேன். கடைசி ரத்தம் கொடுக்கப் போன அன்றும் அதே பெஞ்சுதான்.