பிளஸ் டூ சுற்றுலா: ஏலகிரியா, காவலூரா?

பிளஸ் டூவில் விளையாட்டு விழா, ஆண்டு விழா எல்லாம் பொதுத்தேர்வுப் பேச்சிலேயே கரைந்துவிடும், மிஞ்சுவது ஒரு நாள் சுற்றுலாதான். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஏலகிரி என்பார்கள். தப்பில்லை. 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரில். பஸ்ஸில் போடும் ஆட்டத்தில் அந்தப் பலகைகளை யார் படிக்கிறார்கள், ஜன்னலோரம் ஒருவன் பிளாஸ்டிக் கவரைப் பிடித்தபடி வாந்திக்குத் தயாராக இருப்பான். மேலே புங்கனூர் ஏரியில் படகு, அப்புறம் குரூப் போட்டோ. அவ்வளவுதான்.

காவலூர் வேறு ரகம். ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கிக்கு ஆடியின் விட்டம் மட்டும் 2.34 மீட்டர், ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். குழியாடி, குவியத்தூரம் என்று நெட்டுருப் போட்டவர்கள் அதைப் பார்த்தாலே பாடம் பாதி புரியும். யுரேனஸின் வளையங்கள் 1977இல் தெரியவந்தபோது அதைக் கவனித்த இடங்களில் இதுவும் ஒன்று, அதுவும் அப்போதிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில்.

சிக்கலும் உண்டு: முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், மேகம் மூடினால் வானம் தெரியாது, சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போவதே நல்லது. அறிவியல் குரூப் என்றால் நான் யோசிக்காமல் காவலூர்தான் சொல்வேன், மழை ஓய்ந்த ஜனவரியில். எல்லா குரூப்பும் சேர்ந்து போவதாக இருந்தால், சரி, ஏலகிரியே போங்கள்.