‘அழியவே அழியாது’ என்றார்கள், அப்பாவின் நெகட்டிவ்கள் போயின: பிளாக்செயின் சேமிப்புக்குப் பணம் கட்டியவர்கள் இன்றே பாருங்கள்

‘பிளாக்செயின் சேமிப்பு’, ‘வாழ்நாள் டிசென்ட்ரலைஸ்டு ஸ்டோரேஜ்’ என்று சொல்லி விற்கும் யாரிடமாவது ஒரே தடவையாகப் பணம் கட்டி, கோப்புகளை ஏற்றி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பதிவை அப்புறம் படியுங்கள். முதலில் உங்கள் கோப்புகளில் ஒரு பத்தை இறக்கிப் பாருங்கள். அவர்கள் தளத்தில் உங்கள் கணக்கைக் காட்டும் பக்கத்தில், அதாவது டாஷ்போர்டில், பச்சை டிக் இருப்பதைப் பார்த்துவிட்டு விடாதீர்கள். கோப்பு முழுதாக இறங்குகிறதா, திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் எல்லாவற்றையும் இன்றைக்கே சொந்த ஹார்டு டிஸ்க்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நான் இரண்டு வருடம் பச்சை டிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்தில் எங்கள் ஸ்டூடியோவை அப்பா 1966-ல் தொடங்கினார். 1988 வரை அவர் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் பரணில் தகரப் பெட்டிகளில் இருந்தன. எல்லாம் ‘120’ என்ற அகல வகை ஃபிலிம். ஒவ்வொரு கவரின் மேலும் அப்பா கையெழுத்தில் ஊர், பெயர், தேதி. 2019-ல் பெட்டியைத் திறந்தபோது குப்பென்று வினிகர் வாடை அடித்தது. அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் இப்படித்தான் சிதையும். அசிட்டிக் அமிலம் வெளியேறும், ஃபிலிம் சுருங்கும், மேலே இருக்கும் ஜெலட்டின் படலம் நெளிந்து உரியும். ஒன்று கெட்டால் அதன் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதனால் உட்கார்ந்து ஸ்கேன் செய்ய ஆரம்பித்தேன். 2020 ஊரடங்கில் ஸ்டூடியோ மூடிக் கிடந்தபோது வேகமாக நடந்தது. மொத்தம் 11,400 படங்கள், ஒவ்வொன்றும் 60 எம்பி டிஃப் கோப்பு. ஸ்கேன் முடிந்ததும், மீட்க முடியாத அளவுக்குக் கெட்டிருந்த நெகட்டிவ்களை, கிட்டத்தட்ட பாதியை, மற்றவை பிழைக்கட்டும் என்று அப்புறப்படுத்தினேன். அந்தப் பாதிக்கு அதன்பின் கோப்புகள்தான் மூலம்.

2022-ல் ஒரு இளைஞர் ஸ்டூடியோவுக்கு வந்தார். நன்றாகப் பேசினார். அப்பா எடுத்த படங்களைப் பார்த்து உண்மையாகவே வியந்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். “ஹார்டு டிஸ்க்கை நம்பாதீங்க அண்ணே. எங்ககிட்ட ஏத்தினீங்கன்னா உங்க படம் உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல இருக்கும். பிளாக்செயின்ல பதிஞ்சிட்டா யாராலும் அழிக்க முடியாது. நாங்களே நினைச்சாலும் முடியாது” என்றார். 1 டிபி இடத்துக்கு ஒரே தடவையாக 48,000 ரூபாய், வருடக் கட்டணம் கிடையாது. ஏற்றிய ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சான்றிதழ் வந்தது. அதில் ஒரு நீண்ட எண்ணெழுத்தும், பாலிகன் என்ற பிளாக்செயினில் அது பதிவான சுட்டியும் இருந்தன. தட்டினால் தேதி, நேரத்தோடு பதிவு தெரிந்தது. அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்று நம்பினேன். என்னிடமிருந்த இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றை முகூர்த்த சீசனுக்காகக் காலி செய்தேன். இன்னொன்று 2023 மழைக்காலத்தில் பழுதாகி, திரும்ப எழவே இல்லை. அப்போதுகூட நான் பதறவில்லை. அதுதான் மேலே இருக்கிறதே.

2024-ல் பாபநாசத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய அப்பாவுக்குச் சதாபிஷேகம். 1968-ல் நடந்த அவருடைய அப்பா அம்மா திருமணத்தை எடுத்தது எங்கள் அப்பா. “தாலி கட்டுற படம் ஒண்ணு இருந்தா போதும் சார், பெரிசாப் போட்டு மண்டபத்துல வெக்கணும்” என்றார். பதிவேட்டில் தேடினேன், எண் கிடைத்தது, படத்தின் சுட்டியைத் தட்டினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு 504, கேட்வே டைம்அவுட், அதாவது காத்திருந்தும் பதில் வரவில்லை. அடுத்த படம், 504. அதற்கடுத்தது, 504. சான்றிதழின் பிளாக்செயின் பதிவு மட்டும் எல்லாவற்றுக்கும் அட்டகாசமாகத் திறந்தது.

என் அக்கா மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அந்த ராத்திரி அவன் சொல்லித்தான் எனக்கு விஷயமே புரிந்தது. உங்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளாக்செயினில் என் படங்கள் இல்லை. இருந்ததும் இல்லை, அவ்வளவு பெரிய கோப்புகள் நடைமுறையில் இருக்கவும் முடியாது. பிளாக்செயின் என்பது ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் ஏற்பாடு. அதனால் அதில் எழுதும் ஒவ்வொரு எழுத்துக்கும் விலை அதிகம். எத்தீரியம் என்ற பிரபலமான பிளாக்செயினை எடுத்துக்கொண்டால், 32 பைட் தகவலைப் புதிதாக எழுதி வைக்க 20,000 ‘கேஸ்’ (அங்கே வேலையை அளந்து கட்டணம் போடும் அலகு) ஆகும். அக்கா மகன் அங்கேயே கணக்குப் போட்டான். என்னுடைய ஒரே ஒரு 60 எம்பி படத்தை அப்படி எழுத 3,750 கோடி கேஸ் வேண்டும். ஒரு பிளாக்குக்கு, அதாவது பதிவுகளைச் சேர்த்து எழுதும் ஒரு தொகுதிக்கு, 3 கோடி கேஸ் என்ற வரம்பு இருந்த காலத்தின்படி, உலகத்தில் வேறு ஒருவரும் ஒரு பரிவர்த்தனைகூடச் செய்யாமல் வழிவிட்டால்கூட 1,250 பிளாக்குகள், அதாவது 4 மணி நேரத்துக்கு மேல், அந்த ஒரு படத்துக்கே போய்விடும். ஆகவே இவ்வளவு பெரிய படத்தை யாரும் அங்கே எழுதுவதில்லை. படத்தின் அடையாள எண்ணை மட்டும் எழுதுவார்கள். என் கையில் இருந்த சான்றிதழ், பொருளை வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது. பொருள் கிடங்கில் இருக்கிறதா என்பது அந்த ரசீதுக்குத் தெரியாது.

கிடங்கு எது? ஐபிஎஃப்எஸ். ஹுவான் பெனட் தொடங்கிய புரோட்டோகால் லேப்ஸ் 2015-ல் வெளியிட்ட தொழில்நுட்பம். நல்ல தொழில்நுட்பம்தான், அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. சாதாரண இணைய முகவரி, கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். இதில் முகவரி, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும். சிஐடி என்று அதைச் சொல்கிறார்கள். உள்ளே ஒரு பைட் மாறினாலும் எண் வேறாகிவிடும். அதனால் யார் கொடுத்தாலும் நமக்குக் கிடைப்பது அசல்தானா என்று சரிபார்க்கலாம். ஆனால் கொடுப்பதற்கு யாராவது ஒருவர் அதை வைத்திருக்க வேண்டுமே! வலைப்பின்னலில் இருக்கும் கணினிகள் தாமாக நம் கோப்பை நகலெடுத்து வைப்பதில்லை. ஒரு கணினி அதை விடாமல் வைத்திருக்க வேண்டும் என்றால் அங்கே ‘பின்’ செய்ய வேண்டும். பின் இல்லாத கோப்பு, இடம் தேவைப்படும்போது குப்பை கூட்டுவது போல நீக்கப்படும். ஐபிஎஃப்எஸ்ஸின் ஆவணங்களிலேயே இது வெளிப்படையாக இருக்கிறது. என்னிடம் விற்றவர்தான் சொல்லவில்லை.

“அந்தக் கம்ப்யூட்டருக்கு மாசாமாசம் கரண்ட் பில் யார் கட்டுறாங்க மாமா?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. எந்தக் கோப்பை எந்தக் கணினி வைத்திருக்கிறது என்று வலைப்பின்னலையே கேட்க ஒரு கட்டளை உண்டாம். விடிய விடிய என் 11,400 எண்களுக்கும் அதை ஓட்டினான். 212 கோப்புகள் மட்டும் எங்கோ தட்டுப்பட்டன. அவற்றையும் உடனே இறக்கிக்கொண்டோம்.

விற்பனைத் தாளில் ‘ஃபைல்காயின் பாதுகாப்பு’ என்றும் போட்டிருந்தார்கள். அது 2020 அக்டோபரில் செயல்பாட்டுக்கு வந்த வலைப்பின்னல். அங்கே இடம் கொடுப்பவர் பிணைத்தொகை கட்டி ஒப்பந்தம் போட வேண்டும், கோப்பு இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கணித முறையில் நிரூபிக்க வேண்டும். தவறினால் பிணையிலிருந்து அபராதம். கேட்க உறுதியாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த அபராதத் தொகை ‘எரிக்கப்படுகிறது’, அதாவது யாருக்கும் போகாமல் அழிக்கப்படுகிறது, கோப்பை இழந்தவர் கைக்கு வருவதில்லை. அதோடு, ஒப்பந்தங்களுக்குக் காலவரையறை உண்டு. என் கோப்புகளில் ஒரு பகுதிக்குத்தான் ஒப்பந்தமே போட்டிருந்தார்கள். அதுவும் குறைந்தபட்சமான 180 நாளுக்கு. நாள் முடிந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வலைப்பின்னல் தன் விதிப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறது. வாழ்நாள் என்று என்னிடம் விற்றதை ஆறு மாத வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் இவர்கள்.

ஒரே தடவை பணம் கட்டினால் போதும் என்ற ஏற்பாடே இல்லையா என்றால், இருக்கிறது. 2018-ல் தொடங்கிய ஆர்வீவ் அப்படித்தான் இயங்குகிறது. கட்டும் தொகையில் பெரும்பகுதி ஒரு நிதியில் சேர்ந்து, அதிலிருந்து பல்லாண்டுகளுக்குச் சேமிப்புச் செலவு போகும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நான் பணம் கட்டிய சமயத்தில் அங்கே 1 ஜிபிக்கே சில டாலர்களாவது ஆனது. என் 680 ஜிபிக்கு லட்சக்கணக்கில் வந்திருக்கும். நான் கொடுத்த 48,000 ரூபாய், ஜிபிக்கு ஒரு டாலர்கூட இல்லை. இந்த ஒரு வகுத்தலை அன்றைக்கே போட்டிருந்தால் அந்த இளைஞரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். உங்களிடம் யாராவது ‘வாழ்நாள்’ என்று வந்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள். எந்த வலைப்பின்னல், எத்தனை நாள் ஒப்பந்தம், எத்தனை இடத்தில் பின், முடிந்தபின் யார் புதுப்பிப்பார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டாதீர்கள்.

இதில் பெரிய பெயர்களும் தப்பவில்லை. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை திவாலானபோது, அங்கே வாங்கிய என்எஃப்டிகளின் (பிளாக்செயினில் உரிமை பதிந்து விற்கும் டிஜிட்டல் பொருள்களின்) படங்கள் பலருக்குத் திறக்காமல் போயின. படத்தைப் பற்றிய தகவல் அந்த நிறுவனத்தின் சொந்த சர்வரில் இருந்ததுதான் காரணம். பிளாக்செயினில் உரிமைப் பதிவு அப்படியே இருந்தது, படத்தைக் காட்ட வேண்டிய சுட்டி திவால் நடவடிக்கைக்கான பக்கத்துக்குப் போனது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது என்னை இன்னும் உறுத்துகிறது. ‘தனிப்பட்ட பெட்டகம்’ என்றுதான் விற்றார்கள். ஆனால் கோப்புகளைப் பூட்டாமல், குறியாக்கம் எதுவும் செய்யாமல், அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். எண் தெரிந்த யாரும் கடவுச்சொல் இல்லாமல் திறக்கலாம். அந்த எண்களோ பிளாக்செயினில் எல்லோரும் பார்க்கக் கிடந்தன. 2023-ல் ஒரு குடும்பத்தார், இறந்துபோன ஒரு பெண்ணின் படத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். நானும் டாஷ்போர்டில் அழித்துவிட்டு, ஆயிற்று என்று அவர்களிடம் சொன்னேன். தேடிக் கிடைத்த அந்த 212-ல் அந்தப் படமும் இருந்தது. யாரோ ஒருவரின் கணினியில் நகல் இருக்கிறது, அதை நீக்கச் சொல்ல எனக்கு வழியில்லை. அந்த வீட்டுக்கு நேரில் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அடுத்தவர் படம், ஆதார், பத்திரம், மருத்துவ அறிக்கை எதையும், உங்கள் கணினியிலேயே குறியாக்கம் செய்யாமல் இப்படிப்பட்ட இடத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

நிறுவனத்தைத் தொடர்புகொண்டேன். முதலில், “நெட்வொர்க் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு சார், 48 மணி நேரம் டைம் குடுங்க” என்றார்கள். பிறகு, சேமிப்பு மூன்றாம் தரப்பு வலைப்பின்னலில் இருப்பதால் பொறுப்பேற்க முடியாது என்று மின்னஞ்சல் வந்தது. ‘வாழ்நாள்’ என்பது திட்டத்தின் வாழ்நாளைக் குறிக்குமாம், திட்டத்தை நிறுத்திவிட்டார்களாம். ஒரு மாதத்தில் இணையதளமும் போய்விட்டது. பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தேன், ரத்து செய்யப்பட்டது என்று காட்டியது.

1930-க்கு அழைத்து சைபர் குற்றப் புகாரும் பதிவு செய்தேன். பணம் கட்டி இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அதை நிறுத்தி வைக்க வழியில்லாமல் போனது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘வியாபாரத்துக்காக வாங்கியது’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும் என வக்கீல் எச்சரித்தார். சுயதொழிலில் பிழைப்பவர் அந்தத் தொழிலுக்கென வாங்கியது அதில் வராது. அதனால் மனுவிலேயே அதைத் தெளிவாக எழுதச் சொன்னார். நீங்களும் டாஷ்போர்டு, விளம்பரத் தாள், வாட்சப் பேச்சு எல்லாவற்றையும் தளம் திறந்திருக்கும்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மீதமுள்ள நெகட்டிவ்களை மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று நகல் வைக்கிறேன், ஒன்று அக்கா வீட்டில். மாதத்தில் முதல் ஞாயிறு இருபது கோப்புகளைக் குருட்டாம்போக்கில் எடுத்துத் திறந்து பார்க்கிறேன். அப்புறப்படுத்திய பாதியில் சிலவற்றை வாடிக்கையாளர்கள் வாட்சப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். முகம் தெரிகிறது, பெரிதாக்கினால் உடைகிறது. வாட்சப் சுருக்கியதால் பைட்டுகள் மாறிவிட்டன, அதனால் பழைய எண்களுக்கும் அவை பொருந்தவில்லை.

பாபநாசத்து அம்மாவுக்கு அந்தப் படத்தை என்னால் கொடுக்க முடியவில்லை. அவர் சித்தி வீட்டில் ஒரு பிரிண்ட் இருந்தது. ஓரத்தில் பூச்சி அரித்திருந்த அதை ஸ்கேன் செய்து, முடிந்தவரை சீர்செய்து கொடுத்தேன்.

1966-லிருந்து 1988-க்குள் கும்பகோணம், சுவாமிமலை, பாபநாசம், திருவிடைமருதூர் பக்கம் உங்கள் வீட்டுக் கல்யாணத்தை எங்கள் அப்பா எடுத்திருந்தால், பிரிண்ட் எந்த நிலையில் இருந்தாலும் சரி, கொண்டுவாருங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்களாகப் பிய்க்க வேண்டாம், சட்டத்தோடே எடுத்து வாருங்கள். காசு வேண்டாம். ஸ்கேன் செய்து கோப்பை உங்கள் கையிலேயே பென் டிரைவில் தருகிறேன்.