குண்டா, சம்பாவா: வீட்டு மிளகாயில் வத்தல் போட எது தோது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டுக் கொல்லையில் மிளகாய் போட நினைப்பவர்கள் முன்னால் பொதுவாக இரண்டு வழி இருக்கும். ஒன்று குண்டு, இன்னொன்று சம்பா. காய்ப்பில் இரண்டுமே ஏமாற்றாது. வத்தல் போடும்போதுதான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டும். அதனால் ருசியை மட்டும் பார்த்து நாற்று வாங்காமல், காயப்போட எவ்வளவு இடம் இருக்கிறது, எத்தனை நாள் பார்த்துக்கொள்ள முடியும் என்பதையும் யோசித்து வாங்குங்கள் என்பேன்.

நாற்றாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். காய் பிடித்துவிட்டால் குழப்பமே இல்லை. குண்டு உருண்டையாக, தடித்த தோலோடு பளபளவென்று இருக்கும். சம்பா விரல் நீளத்துக்கு ஒல்லியாகத் தொங்கும். குட்டிக் குட்டியாக, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து காய்த்தால் அது காந்தாரி. அது வேறு கணக்கு, பச்சையாகவே சமையலுக்குத் தீர்ந்துவிடும். இரண்டு ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். இந்த வருஷக் காய் மாறாது. அதிலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டால், உருண்டையும் இல்லாமல் நீளமும் இல்லாமல் ஏதோ ஒன்று காய்க்கலாம்.

பறிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காம்படி வரை முழுச்சிவப்பு ஏறியிருக்க வேண்டும். பனி உலர்ந்த பிறகு, காம்போடு பறிக்க வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டால் அந்த ஓட்டை வழியாகத்தான் பூசணம் உள்ளே போகும். முழுதாகச் சிவக்காத செங்காயை அப்படியே வெயிலில் போட்டால் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். நிழலில் சாக்கின் மேல் ஒன்றிரண்டு நாள் குவித்து வைத்தால் நிறம் சமமாக ஏறும், அப்புறம் பரப்பலாம்.

காயவைப்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. பழுத்த மிளகாயில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர்தான். அது பத்து சதவீதத்துக்கு இறங்கினால்தான் வத்தல் கெடாமல் நிற்கும். சம்பாவுக்குத் தோல் மெல்லிசு என்பதால் நல்ல வெயிலில் ஒரு வாரத்தில் சுருங்கி, வளைத்தால் மடக்கென்று உடையும். மாசி, பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் துணி விரித்துப் பரப்பி, நாளுக்கு இரண்டு தடவை கிளறிவிட்டால் போதும்.

குண்டு அப்படி இல்லை. வெளியே தோல் காகிதமாகக் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். காய்ந்துவிட்டது என்று தோன்றும் ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். விதையைப் பிடித்திருக்கும் வெள்ளைத் தண்டு இன்னும் வளைந்து கொடுத்தால், காம்புக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இழை ஓடியிருந்தால், அந்தக் குவியலை டப்பாவில் அடைக்கக் கூடாது. பூசணம் கண்ட வத்தலைத் துடைத்துவிட்டும் சமைக்க வேண்டாம். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அதில் இருக்கலாம், அது வறுத்தாலும் முழுதாகப் போகாது. காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று ஓட வேண்டும், அதுதான் குண்டுக்குச் சரியான பதம். சம்பாவைவிட இதற்குச் சில நாள் கூடவே பிடிக்கும். சாயங்காலம் மறக்காமல் குவித்து உள்ளே எடுத்துவிடுங்கள். இரவுப் பனி பகல் வெயிலை வீணாக்கிவிடும்.

பழைய வீடுகளின் முற்றம் இதற்கு வசதி என்று நினைப்போம். ஆனால் நாலு பக்கமும் வளவு, அதாவது தூண் வைத்த தாழ்வாரம், சூழ்ந்த முற்றத்தில் உச்சி நேரத்து வெயில்தான் முழுசாக விழும். சம்பாவுக்கு அது போதும், குண்டுக்கு மாடிதான். மின் உலர்த்தியில் காயவைப்பதாக இருந்தால் குண்டை இரண்டாகக் கீறிப் போடுங்கள், சூட்டை மிதமாக வையுங்கள். சூடு கூடினால் நிறம் கருத்து, கசப்பு வந்துவிடும். கீறிய குண்டு தாளிப்புக்கு அழகாக இருக்காது, பொடிக்குப் போகும்.

இவ்வளவு பாடுபட்டும் குண்டு எதற்கு என்றால், வத்தல் போட்டு வதக்கும் செட்டிநாட்டு ஆட்டுக்கறியான உப்புக்கறிக்குத்தான். எண்ணெயில் உப்பி, நிறம் கொடுத்து, மணத்தையும் கொடுத்து, காரத்தில் மற்றதை அமுக்காமல் நிற்பது குண்டுதான். அந்த இடத்தில் சம்பாவைப் போட்டால் காரம்தான் முன்னே வரும். குண்டு ரகமான ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நியாயம்தான். மோர் மிளகாய்க்கும் பச்சைக் குண்டுதான் என் தேர்வு. கீறி மோரில் ஊறப்போடுவதால் உள்ளீரப் பிரச்சினையும் குறைகிறது. பொடி திரிக்கவும் வெள்ளைப் பணியாரத்துக்குக் காரச் சட்னி அரைக்கவும் சம்பாவே போதும். மாடி இல்லாத வீட்டுக்கும் முதல் தடவை போடுகிறவருக்கும் சம்பாவைத்தான் சொல்வேன்.

இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், குண்டின் மிச்ச ஈரம் சம்பாவையும் நமுக்க வைக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து இரண்டுக்கும் ஒரு பகல் மறுவெயில் காட்டி, சூடு ஆறியதும் மூடுங்கள்.