எம்ஜிபியின் பின்புறத்தைத் தாழ்த்த: கட்டையா, பட்டை வேலையா?

1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காக ரப்பர் பம்பருடன் உயர்த்தப்பட்ட எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பின்புறத்தைத் தாழ்த்த இரு வழிகள் உண்டு. பின் அச்சுக்கும் (ஆக்சில்), காரின் எடையைத் தாங்கும் வளைந்த எஃகு அடுக்கான கமான் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து, நீளமான யூ போல்ட்டால் இறுக்குவது முதலாவது. செலவு குறைவு, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஆனால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், தாழ்ந்த கியரில் முடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும் போக்கைக் கட்டை கூட்டிவிடுகிறது. இரண்டாவது வழியான, பட்டைகளைப் பிரித்து, அவற்றின் வளைவைக் குறைத்து மறுபடி அமைப்பதில் இந்தக் குறை இல்லாததால், என் தேர்வு அதுவே. லாரித் தொழில் வேரூன்றிய சேலத்தில் பட்டை வேலைக்குக் கைதேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். எனினும் காரின் மெல்லிய பட்டையை நெருப்பில் காட்டாமல், குளிர்ந்த நிலையிலேயே தட்டச் சொல்ல வேண்டும், ஏனெனில் கண்டபடி சூடேறிய எஃகு பதம் இழந்துவிடும். எவ்வழியானாலும் அச்சுக்கும், அது மேலே இடிக்காமல் தடுக்கும் முட்டு ரப்பருக்கும் உள்ள இடைவெளி சுருங்கும் என்பதால், ஓர் அங்குலத்துக்கு மேல் தாழ்த்த வேண்டாம்.